கோடு போட்ட குல்லா

பள்ளிகொண்டா வெயிலில் குல்லா எதற்கு என்று கேட்கிறார்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குத் தலை வழியே நிறையச் சூடு போய்விடும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு தாய் பராமரிப்பில், தாயின் மார்போடு அணைத்த குழந்தைக்கும் குல்லா உண்டு.

அந்தப் பிள்ளைகளுக்கான குல்லாக்களை மிஞ்சிய நூல்களைச் சேர்த்துத்தான் கோடு கோடாகப் பின்னுகிறேன். நெற்றியில் படும் பட்டை பருத்தி. உறுத்தாது, வியர்வையை உறிஞ்சும். ஆனால் இழுத்தால் எளிதில் மீளாது, அதனால் அங்கே ரிப் பின்னல். மேலே அக்ரிலிக் கோடுகள், எடையே தெரியாது. நூல்கள் ஒரே பருமனில் இருக்க வேண்டும்.

கம்பளி மட்டும் வெந்நீரில் சுருங்கித் தடித்துவிடும். பக்கத்துக் கோடுகளையும் கோணலாக்கும். பெரியவர்களுக்கான குல்லாவில் அதைச் சேர்த்துக் குளிர்ந்த நீரில் அலசலாம்.

பச்சிளம் பிள்ளைகளுக்குப் பின்னுகிறவர்களே, பருத்தியும் அக்ரிலிக்கும் போதும். குஞ்சம், பொத்தான், நாடா எதுவும் வேண்டாம். துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள்.