அக்காவின் இழுவை வீடு

2023 ஆம் ஆண்டு ஆடி மாதம், கனடாவில் ஸ்காபுரோவில் வாழும் என் அக்காவிடம் போயிருந்தேன். போரில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு அங்கு போய்ச் சேர்ந்தவள் அவள். முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை. கோடையில் பிள்ளைகளோடு காடு, ஏரி என்று போய்த் தங்கவேண்டுமென்பது அவளது நெடுநாள் ஆசை. சீட்டுக்காசில் பாவித்த சிறிய ட்ரெயிலர் வீடொன்றை வாங்கியிருந்தாள். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உண்டு. அதை இழுக்க அவளுடைய கார் காணாது. நடுத்தர எஸ்.யூ.வி வாகனமொன்று தேடி நாங்கள் நால்வரும் புறப்பட்டோம்.

விற்பனையாளர் அக்காவைப் பார்க்காமல் பதினேழு வயது மகனைப் பார்த்தே பேசினார். "இது ஐயாயிரம் இறாத்தல் இழுக்கும், யோசிக்கவேண்டாம்" என்றார். அக்கா கொப்பியை விரித்தாள்.

வெறும் ட்ரெயிலர் 2,900 இறாத்தல். தண்ணீர், எரிவாயு, பாத்திரம், படுக்கை ஏற்றினால் 3,500. ரொயோட்டா ஹைலண்டரின் ஹைபிரிட் வகை இழுக்கக்கூடியதே 3,500 தான். மேட்டுக்கும் எதிர்காற்றுக்கும் மிச்சம் இல்லை. நான்கு சில்லும் இயங்கும் ஹொண்டா பைலட் 5,000 வரை இழுக்கும். அதில் இரண்டு வாகனங்கள் நின்றன. ஒன்று கண்ணாடிக் கூரையும் பெரிய சில்லுமாக மினுங்கியது. மற்றது சாதாரணம்.

அக்கா சாரதிக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த சிறு தாளை வாசித்தாள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு பாரம் ஏற்றலாமென்று அதில் எழுதியிருக்கும். ட்ரெயிலரின் முன்பாரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

"முன்பாரம் எண்டால் என்னக்கா?" என்று கேட்டேன்.

"ஐயாவின்ர மாட்டுவண்டில் ஞாபகமில்லையோ? பின்பாரம் கூடினால் நுகம் மேல எழும்பும். முன்பாரம் கூடினால் மாட்டின்ர கழுத்து நோகும். இதுவும் அதுதான்."

ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு முன்னால், கொழுவியில் இருக்கவேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் வாலாட்டும். அக்காவின் கணக்கில் அது 450. நாங்கள் நால்வரும் 560. பின்னால் வைக்கும் சாமான் 220. எல்லாமாக 1,230. மினுங்கிய வாகனத்தின் தாளில் 1,150, மற்றதில் 1,380. சோடனைகளின் நிறையும் வாகனம் சுமக்கும் பாரம்தானே!

"மற்றதைத் தாங்கோ. ட்ரெயிலர் பிறேக்கைக் கட்டுப்படுத்துற கருவியும் பூட்டித் தரவேணும்" என்றாள். ஒன்ராறியோவில் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம்.

ஒரு கிழமைக்குப் பின் அல்கோன்குயின் பூங்காவுக்குப் போனோம். 1893 இல் ஏற்படுத்தப்பட்ட பெரும் வனம் அது. 60 ஆம் இலக்க நெடுஞ்சாலை அதனூடே 56 கிலோமீற்றர் ஓடுகிறது. இருபுறமும் மேப்பிள், தேவதாரு, இடையிடையே ஏரிகள். இறக்கங்களில் அக்கா வேகத்தைக் குறைத்து நிதானமாக ஓட்டினாள். முகாமில் பெறாமகள் சில்லுக்குக் கட்டை வைத்தாள். இரவில் ஏரியிலிருந்து லூன் பறவையொன்று நீளமாகக் கூவியது.

படுக்கையில் கிடந்தபடி 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தை நினைத்துக்கொண்டேன். விசுவமடுவிலிருந்து ஓடியபோது ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் மூன்று குடும்பங்கள். தையல் மெசினை இறக்கினால்தான் அம்மம்மாவுக்கு இடம். அதைத் தூக்கி வீதியோரத்தில் வைத்தவள் அக்காதான். அவளுடைய பிழைப்பே அந்த மெசின். முதலில் ஆட்களை எண்ணவேண்டுமென்று அவள் படித்தது அன்றைக்கு.

"நித்திரையோ?" என்றாள் அக்கா. "இந்த முறை ஒருத்தரும் துரத்தாமல் வந்திருக்கிறம்."

ஊர் திரும்பியபின் எங்கள் சேமிப்புக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். உழவு இயந்திரமோ முச்சக்கரவண்டியோ கடனுக்கு எடுக்கப்போகும் சகோதரிகளே, விற்பவர் சொல்லும் பெரிய எண்ணோடு நின்றுவிடாதீர்கள். கதவைத் திறந்து சின்ன எண்ணையும் வாசியுங்கள். உங்களையும் பிள்ளைகளையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். பிறகு நீங்களே முடிவெடுங்கள்.