மே மாத நமீபியா: குறிப்பேட்டிலிருந்து

2011 கணக்கெடுப்பில் புனே மாநகருக்குள் மட்டும் 31 லட்சம் பேர். 2023 கணக்கெடுப்பில் நமீபியா நாடு முழுவதும் 30 லட்சம். நிலமோ தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு. எந்த ஊரில் எத்தனை இரவு என்று எழுத உட்காரும்போதெல்லாம் இதை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து மணல் குன்றுகளின் வாசலான செஸ்ரீம் ஏறக்குறைய 350 கி.மீ. மும்பை எக்ஸ்பிரஸ்வே பழக்கத்தில் நாலு மணி நேரம் என்று தோன்றும். பெரும்பகுதி சரளைச் சாலை, 80-ஐத் தாண்டவே கூடாது. ஒரு நாள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஸ்டெப்னி இரண்டு கேட்டு வாங்க வேண்டும். பங்க் கண்ட இடத்திலெல்லாம் டேங்க்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். வாடகை வண்டியின் இன்சூரன்ஸில் டயரும் முன்கண்ணாடியும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது பெரிய நிம்மதி.

புனேயில் சங்கம் பாலத்தருகே ஆர்.டி.ஓ.: சர்வதேச ஓட்டுநர் அனுமதி. ஓராண்டுதான் செல்லும், அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டாம்.

விமானம் மாறும் ஊரைப் பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து ஒரு நாள் தங்கினால்கூட, திரும்பும்போது இந்தியாவில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தல். ஊசியைப் புறப்பாட்டுக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

ஏன் மே? தீபாவளி விடுமுறையில் போனால் எடோஷா தேசியப் பூங்காவில் மிருகங்கள் நீர்க்குட்டைகளில் குவிந்திருக்கும். ஆனால் வெயில் குழந்தைக்குத் தாங்காது. மே மாதத்தில் மழை ஓய்ந்து வறட்சி தொடங்கியிருக்கும், பகல் இதமாக இருக்கும். பாலைவன இரவு மட்டும் நடுக்கும். ஸ்வெட்டர், குல்லாய், கனமான போர்வை. எடோஷாவின் ஒகாக்குவேயோ முகாமில் இரவெல்லாம் விளக்கெரியும் நீர்க்குட்டை ஒன்று இருக்கிறது. யானையும் காண்டாமிருகமும் தாமாக நீர் தேடி வரும் இடம். அங்கே ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு ஓடுவது அநியாயம். மூன்று இரவுகள் என்று எழுதியிருக்கிறேன்.

புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிறு பாராமதி பக்கம் சூப்பே, மயூரேஷ்வர் சரணாலயம். மிகச் சிறிய இடம். காய்ந்த புல்வெளியும் சிங்காரா மான்களும். வறண்ட வெட்டவெளியைப் பார்க்கக் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும். காட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புல்வெளியில் முதலில் எதுவுமே தெரிவதில்லை.

புனேயில் திரிசங்கு விண்மீன் கூட்டம் அடிவானத்தை ஒட்டி எழுந்து அப்படியே சாய்ந்துவிடும், கட்டிடங்களுக்கு மேல் தெரிவதே அரிது. நமீபியாவில் மே மாத முன்னிரவில் உச்சியை நோக்கி ஏறி நிற்கும். நமீப்ராண்ட் 2012 முதல் உலக அளவில் அறிவிக்கப்பட்ட இருள்வான் காப்பகம். பாலைவன இரவுகளை அமாவாசையை ஒட்டி வைக்க வேண்டும்.

மகளுக்குச் சிவிங்கிப்புலி பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் 17 அன்று குனோவுக்கு வந்த எட்டும் நமீபியாவிலிருந்து வந்தவை என்று பள்ளியில் படித்திருக்கிறாள். ஒட்ஜிவராங்கோ அருகே, 1990-இல் லாரி மார்க்கர் தொடங்கிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியத்தின் மையம் இருக்கிறது. ஆடுமாடுகளைக் காக்கப் பெரிய நாய்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். மந்தை பத்திரமாக இருந்தால் விவசாயி துப்பாக்கி எடுக்க மாட்டார். இவ்வளவு நேரான யோசனையை அவள் நேரில் பார்க்க வேண்டும்.

அந்த இடத்தை வரைபடத்தில் தேடும்போதுதான் பக்கத்திலேயே வாட்டர்பெர்க் கண்ணில் பட்டது. 1904 ஆகஸ்டில் ஜெர்மன் படை ஹெரேரோ மக்களை முறியடித்து, கிழக்கே ஒமஹேக்கே பாலைக்குள் விரட்டிய இடம். திரும்பி வராதபடி நீர்நிலைகளைக் காவல் போட்டு மறித்தார்கள். அக்டோபர் 2-இல் தளபதி ஃபொன் ட்ரோத்தா, ஜெர்மன் காலனியின் எல்லைக்குள் காணும் ஹெரேரோ எவரையும், ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுட ஆணையிட்டான். பிறகு நாமா மக்கள். லூடெரிட்ஸ் அருகே சுறாத்தீவில் வதைமுகாம். 1908-க்குள் ஹெரேரோக்களில் ஐந்தில் நான்கு பங்கும், நாமாக்களில் பாதியும் அழிந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி 2021-இல் ஒப்புக்கொண்டது.

சுற்றுலாப் பிரசுரங்களில் ‘ஆளில்லாப் பெருவெளி’ என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. கடலோரத்தில் அது உண்மை. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் பனிமூட்டத்தைத் தருகிறதே தவிர மழையைத் தருவதில்லை. நடுநாட்டு மேய்ச்சல் நிலங்களின் கதை வேறு. அங்கே மந்தைகளோடு வாழ்ந்தவர்களைக் கொன்று, எஞ்சியவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்துப் பண்ணைகளாக்கினார்கள். அந்த வேலியோரச் சாலைகளில்தான் நாங்கள் வண்டி ஓட்டப் போகிறோம். இது தெரியாமல் என் மகள் அங்கே போகக் கூடாது.

ஆகவே திட்டம் மாறுகிறது. தெற்கே கோல்மன்ஸ்கோப் வேண்டாம், மிகத் தொலைவு. மணல் புகுந்த வைரநகரத்து வீடுகளைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாட்களை வாட்டர்பெர்க்குக்கும், வழியில் ஒகஹாண்ட்ஜாவில் ஹெரேரோ தலைவர் சாமுவேல் மஹரேரோவின் கல்லறைக்கும் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. 2025 முதல் மே 28 அங்கே இனப்படுகொலை நினைவு நாள். 1907-இல் அந்தத் தேதியில்தான் வதைமுகாம்களை மூடும் அறிவிப்பு வந்தது. இங்கே பள்ளி திறக்க ஜூன் நடுவாகும், அதனால் அன்றைக்கு விண்ட்ஹுக்கில் இருக்க முடியும். பொதுவிடுமுறை என்பதால் அரிசி, பருப்பு, தண்ணீர்க் கேன் எல்லாம் 27-ஆம் தேதியே வாங்கிவிட வேண்டும். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வீட்டிலிருந்தே.