ஐயாவின் பாதயாத்திரைக்கு 160 வாட்

எழுதி ரொம்ப நாள் ஆச்சு. செமஸ்டர் என்று சொல்லலாம், சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. இந்த முறை சினிமா இல்லை, அரசியல் இல்லை, கரண்ட்.

ஊரைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊர் கொத்தமங்கலம். பெயரைக் கேட்டதும் எர்ணாகுளம் பக்கமா என்பார்கள், அந்தக் கோதமங்கலம் வேறு. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு கொத்தமங்கலம் இருக்கிறது, அதுவும் இல்லை. இது காரைக்குடிப் பக்கம், சிவகங்கை மாவட்டம். பெரிய பெரிய வீடுகளும் அவற்றில் பாதிக்குப் பூட்டும் உள்ள செட்டிநாட்டு ஊர்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது எங்கள் பக்கத்தில் பல தலைமுறைப் பழக்கம். குன்றக்குடியில் முருகனைக் கும்பிட்டுவிட்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போய்ப் பழனி சேரவேண்டும். ஏறக்குறைய 160 கிலோமீட்டர். கூட்டம் நடக்கும், சாமான் வண்டியில் போகும். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது டிராக்டரும் டிரைலரும். எங்கள் டிரைலரில் தார்ப்பாய்க் கூரை, தண்ணீர் டேங்க், அண்டா குண்டா, அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் உண்டு. வண்டி முன்னால் போய் மரம் இருக்கும் இடமாகப் பார்த்து நிற்கும். நாங்கள் போய்ச் சேரும்போது சோறு ரெடியாக இருக்கும். ராத்திரி வயசானவர்கள் டிரைலருக்குள் படுப்பார்கள், மற்றவர்கள் வெளியே. வெள்ளைக்காரர்கள் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார்களே, அதே கதைதான். எங்களுடையதில் கொஞ்சம் சாம்பார் வாசனை.

சரி, மேட்டருக்கு வருவோம். எங்கள் ஐயாவுக்கு 74 வயசு. 41 தடவை நடந்தவர். இரண்டு வருஷமாக இளைப்பு. பனி விழும் ராத்திரியில் அதிகமாகிவிடும். பம்ப் அடித்தும் நிற்காவிட்டால் நெபுலைசர் வைக்கவேண்டும். 2025 தைப்பூசம் பிப்ரவரி 11. பொங்கல் முடிந்ததுமே டாக்டர் சொல்லிவிட்டார்: "போறதா இருந்தா அந்த மிஷின் கூடவே போகணும். ராத்திரி கரண்ட் இருக்கிற இடமாப் பார்த்துத் தங்குங்க." தோப்பில் ஏது கரண்ட்? வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். ஐயா ஒன்றும் பேசவில்லை. ரெண்டு நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான் அவருடைய வாதம்.

நான்தான் வாயைக் கொடுத்தேன். "சோலார் வச்சுக்கலாம்ப்பா."

எனக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் ஒரு படம். நாமக்கல் மாவட்டத்துக்காரர் அருண் பிரபு என்ற இளம் கட்டடக் கலைஞர், ஒரு ஆட்டோவின் மேல் ஒரு சின்ன வீட்டையே கட்டியிருந்தார். பெயர் சோலோ. சமையலறை, குளியலறை, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, கூரையில் 600 வாட் சோலார், எல்லாம் சேர்த்து ஒரு லட்ச ரூபாய்க்குள். ஆட்டோவின் மேல் வீடு நிற்குமென்றால் டிரைலரின் மேல் ஒரு பலகை நிற்காதா? திருவண்ணாமலையில் வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து 2020-ல் குழந்தைகள் பருவநிலைப் பரிசு வாங்கினார். அடுத்த ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் போய்ப் பேசினார். இஸ்திரிப் பெட்டி குடிக்கும் கரண்டைப் பார்த்தால் நெபுலைசர் பாவம், பச்சைக் குழந்தை.

அப்பா கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு கரண்ட் வேணும்?"

தெரியவில்லை. அன்று ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நாலு எல்இடி பல்பு, ஒவ்வொன்றும் 5 வாட், ஆறு மணி நேரம்: 120 வாட் மணி. பத்து செல்போன், ஒன்றுக்கு 20 என்று வைத்தால் 200. நெபுலைசரின் முதுகில் 150 வாட் என்று போட்டிருந்தது. கால் மணி வீதம் இரண்டு தடவை வைத்தால் 75. மொத்தம் 395. இங்கே சித்தப்பா எட்டிப் பார்த்து, "மைக் செட்டை விட்டுட்டியே" என்றார். முருகன் பாட்டு இல்லாமல் யாத்திரையா? ஆம்ப்ளிஃபையர் 40 வாட், அஞ்சு மணி நேரம், இன்னொரு 200. ஆக 595.

இது செலவு. இனி வரவு. பிப்ரவரியில் நம் பக்கம் ஒரு நாளைக்கு முழு வெயில் கணக்கில் சுமார் 5 மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 160 வாட் பலகை என்றால் 800. ஆனால் அது காகிதத்து 800. பலகை சூடானால் உற்பத்தி குறையும். அந்த மாதத்தில் நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வராமல் தெற்கே சாய்ந்து நிற்கும், அதனால் டிரைலர் கூரையில் படுக்கப் போட்ட பலகைக்கு நடுப்பகலிலேயே பத்து சதவீதம் போய்விடும். தூசி, கன்ட்ரோலர், பேட்டரியில் ஏற்றி இறக்கும் நஷ்டம் எல்லாம் கழித்தால் 500 மிஞ்சினால் அதிர்ஷ்டம். 500 வரவு, 595 செலவு. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

கமுதியில், இங்கிருந்து அதிக தூரமில்லை, 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-ல் வந்தது. என்னுடையதைப் போல நாற்பது லட்சம் பலகை வைத்தால் அந்த அளவு வரும். அங்கே மைக் செட் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன் :-)

பேட்டரிக்கு வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த பழசையே எடுத்தோம். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி, டியூபுலர். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். 100-ஐ 12-ஆல் பெருக்கினால் 1200 வாட் மணி என்று குதிக்காதீர்கள். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுளைக் குறைக்கிறோம். அதுவும் இது மூணு வருஷம் உழைத்தது. நிஜத்தில் 70 ஆம்பியர் மணி இருந்தாலே பெரிசு. ஆகப் பத்திரமாக எடுக்கக்கூடியது 420. இந்த வகை பேட்டரியை 1859-ல் பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே செய்தார். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் தினமும் பஸ்ஸில் போகிறேன். ஆனாலும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை அம்மாதான் ஞாபகப்படுத்தினார்.

வேலை சனி, ஞாயிறு இரண்டு நாள். கூரைச் சட்டத்தில் பலகையைக் கழற்றி மாட்டும்படி போல்ட் போட்டோம் (இந்தக் 'கழற்றி' என்ற வார்த்தையை ஞாபகம் வையுங்கள்). கன்ட்ரோலர் சாதாரண வகை. 36 செல் பலகைக்கு அது போதும், விலை கூடியது தேவையில்லை. பேட்டரியை ஒரு மரப்பெட்டியில் வைத்து, ஆடாமல் கயிற்றால் கட்டி, அடுப்பு இருக்கும் மூலைக்கு எதிர் மூலையில், காற்றுப் போகிற மாதிரி வைத்தேன். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. பேட்டரி முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ்.

ஒரு தப்பு செய்தேன். பிளக் பாயின்ட் ஐயா படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று இன்வெர்ட்டரை அங்கே கொண்டுபோய், பேட்டரியிலிருந்து மெல்லிய வயரை நீட்டினேன். நெபுலைசரைப் போட்டதும் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தியது. வீட்டு வயரிங்கில் 150 வாட் என்பது ஒரு ஆம்பியர்கூட இல்லை. 12 வோல்ட்டில் அதே 150 வாட்டுக்கு, நஷ்டத்தையும் சேர்த்து 15 ஆம்பியர் ஓடும். மெல்லிய வயரிலேயே ஒரு வோல்ட் தொலைந்துவிடும். எலெக்ட்ரிக் கடை அண்ணன் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இன்வெர்ட்டரை பேட்டரிகிட்ட வைய்யி தம்பி. 230 வயரை எவ்வளவு தூரம் வேணும்னாலும் இழு."

கிளம்பினோம். முதல் ராத்திரி குன்றக்குடி, சத்திரத்தில் கரண்ட் இருந்தது. இரண்டாவது ராத்திரி சிங்கம்புணரிப் பக்கம். விளக்கு எரிந்தது, போன்கள் நிறைந்தன, ஐயா ஒரு தடவை மிஷின் வைத்துக்கொண்டு தூங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து ஊர்க் கூட்டத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது ராத்திரி நத்தத்துக்கு முன்னால் ஒரு தோப்பு. இரண்டு மணி இருக்கும். அப்பத்தா எழுப்பினார். "ஐயாவுக்கு முடியலடா." பம்ப் ஏற்கெனவே அடித்தாயிற்று. அவர் முட்டியில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. மருந்தை ஊற்றி மிஷினைப் போட்டேன். கர்ர் என்று ஒரு நொடி ஓடியது. இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுபோனது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது.

அந்த நிமிஷத்தை எழுத வரவில்லை. இவரைக் கூட்டி வந்தது நான். சோலார் இருக்கு என்று சொன்னதும் நான்.

அப்பாதான், "டிராக்டர் பேட்டரி என்ன வோல்ட்டுடா?" என்றார். 12! இன்வெர்ட்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமா டார்ச் அடித்தார், அப்பா இன்ஜினைக் கிளப்பினார், டிராக்டர் பேட்டரியில் கிளிப்பை மாட்டினேன். சிவப்பு எது கறுப்பு எது என்று மூன்று தடவை பார்த்தேன், கை அப்படி நடுங்கியது. ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும். மிஷின் ஓட ஆரம்பித்தது. தோப்பு முழுக்க டிராக்டர் சத்தம். அத்தனை பேரும் விழித்து உட்கார்ந்திருந்தார்கள், யாரும் பேசவில்லை. கால் மணியில் ஐயாவின் தோள் இறங்கியது. முதலில் சொன்னது, "டீசலை வீணாக்காதீங்கப்பா, அமத்து."

விடிந்ததும் விசாரணைக் கமிஷன். முதல் குற்றவாளி நான். இன்வெர்ட்டரை அணைக்கவே இல்லை. ஒன்றும் ஓடாவிட்டாலும் அது சும்மா இருந்தே 15 வாட் தின்னும். எட்டு மணி நேரத்துக்கு 120, நாலு பல்பின் முழு ராத்திரிச் செலவு. இரண்டாவது குற்றவாளி புளியமரம். நாலு பேர் படுக்க நிழல் வேண்டும் என்று வண்டியைப் பகல் முழுக்க மரத்தடியில் நிறுத்தியிருந்தோம். நான் கன்ட்ரோலரைப் பார்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது, சரி என்று போய்விட்டேன். அந்த விளக்கு பலகையில் வோல்ட்டேஜ் இருக்கிறது என்றுதான் சொல்கிறது. நிழலிலும் வோல்ட்டேஜ் இருக்கும், ஆம்பியர் இருக்காது. செல்கள் எல்லாம் வரிசையாகக் கோத்தவை. பலகையின் பாதிக்கு நிழல் விழுந்து அது ஒதுங்கிக்கொண்டால் மிச்சப் பாதி 9 வோல்ட்தான் தரும், 12 வோல்ட் பேட்டரிக்குள் அது நுழையவே முடியாது. மரத்தடியில் அளந்தபோது முக்கால் ஆம்பியர். வெயிலில் ஏழு.

மூன்றாவது குற்றவாளி தானாகவே வந்தார். "ராத்திரி நீ தூங்கினப்புறம் ரெண்டு மணி நேரம் பாட்டுப் போட்டேன்டா" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. திட்ட நினைத்தேன். இன்வெர்ட்டரை விட்டு வைத்தவன் நான்தானே, வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து வண்டி மரத்தடியில், பலகை மட்டும் வெயிலில். போல்ட்டைக் கழற்றிப் பத்தடி தள்ளித் தரையில் போட்டு, தெற்குப் பார்க்கச் சாய்த்து, அடியில் இரண்டு செங்கல். அதற்குக் காவல் அப்பத்தா. வத்தல் காயப் போட்டுக் காக்கா ஓட்டிய கை அது, குச்சியோடு உட்கார்ந்துவிட்டார். நிழல் நகர்ந்து பலகையைத் தொட்டால் என்னைக் கூப்பிடுவார். ஒரு ஆடு பலகையை நக்கப் பார்த்தது, அது இனிமேல் சோலார் பக்கமே போகாது. போன்களுக்கு நாளுக்கு ஒரு தடவை, அதுவும் பகலில்தான் சார்ஜ். மைக் செட்டை மூட்டை கட்டினோம். சித்தப்பா தானே பாடினார். சுமாராகத்தான் பாடுவார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பழனி சேருகிற வரை ஐயாவுக்கு இன்னும் இரண்டு ராத்திரி மிஷின் தேவைப்பட்டது, இரண்டு தடவையும் ஓடியது. ஆனாலும் நான் படுக்கும் முன் டிராக்டரின் பக்கத்தில் கிளிப் வயரை எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன். மலைப்படி ஏறவில்லை அவர், விஞ்சில் போனார். 41 தடவை படியேறிவிட்டு இந்தத் தடவை விஞ்சு என்பது அவருக்கு ரொம்ப வருத்தம்.

ஊர் திரும்பியதும் அடுத்த தடவைக்கு லித்தியம் பேட்டரி வாங்கலாமா என்று விலை விசாரித்தேன். எடை ரொம்பக் குறைவு, முக்கால் பங்குக்கு மேல் காலி செய்தாலும் ஒன்றும் ஆகாது, விலைதான் இடிக்கிறது. ஐயாவிடம் சொன்னேன். "ரெண்டு வாங்கிடு, உங்க சித்தப்பனுக்கு ஒண்ணு தனியா" என்றார்.