பலாலியில் ஏறினால் சஃபாரி போகலாமா?



"ரீச்சர், பலாலியில பிளேன் ஏறினா ஆபிரிக்காச் சிங்கம் பார்க்கப் போகலாமோ?" என்று தரம் 7 பிள்ளை ஒருவர் கேட்டார். விமானச் சத்தம் வகுப்புக்குள் கேட்கிற ஊரில் இது நியாயமான கேள்விதான்.

போகலாம். பலாலியிலிருந்து சென்னை, பிறகு விமானம் மாறி நைரோபி. அங்கிருந்து மசாய் மாராவுக்குச் சின்ன விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள், தரைவழியே என்றால் ஐந்தாறு மணித்தியாலம். செலவுதான் எங்களுக்குக் கட்டாது.

கைக்கெட்டிய சஃபாரி வில்பத்து. 1938இல் தேசியப் பூங்காவானது. 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். சிங்கம் இல்லை. சிறுத்தை, கரடி, யானை உண்டு. மழைநீர் தேங்கும் 'வில்லு'களுக்கு அவை தண்ணீர் குடிக்க வரும்.

இதற்கு விமானம் உதவாது. ஏ9 வீதியால் வவுனியா, மதவாச்சி, பிறகு அநுராதபுரம். இரவு அங்கே தங்கி, விடியப் புத்தளம் வீதியால் போய், ஹுனுவிலகம வாசலில் ஜீப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு பழைய பாதையும் உண்டு. மன்னாரிலிருந்து சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி தாண்டி, காட்டுக்குள்ளால் எழுவன்குளம், புத்தளம். யுத்தத்துக்குப் பிறகு அதைத் திறந்தபோது சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின.

அந்தப் பாதையில் எனக்கும் பங்குண்டு. 1990இல் நீங்கள் மயிலிட்டியை விட்டு வெளியேறினீர்கள். அதே வருடம் ஒக்ரோபரில் என் வாப்பாவும் உம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனார்கள். எங்கள் சொந்தங்கள் பலர் இன்னும் அங்கேதான். அந்தப் பாதையில் பஸ் ஓடினால் பெருநாளுக்குப் போய்வர எனக்குச் சுகம்.

ஆனாலும் ஓட வேண்டாம் என்பதே என் எண்ணம். முசலி மக்கள் தங்கள் ஊர்களில் குடியேறுவது வேறு விடயம்; அது அவர்களின் உரிமை. காட்டின் நடுவால் இரவு பகலாக வாகனம் ஓடுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசினால் மனிதருக்கும் நன்மையில்லை, காட்டுக்கும் நன்மையில்லை. சுற்றிப் போவதால் எங்களுக்குச் சில மணித்தியாலம்தான் நட்டம். சிறுத்தைக்குப் போக வேறு இடமில்லை.

பெற்றோரே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை இரண்டு நாள் கூட்டிப் போகலாமா? வரக்கூடியவர்கள் கீழே சொல்லுங்கள். வான் பேசுவோம்.