எதிர்க்காற்றும் மிதிவண்டியும்

திசைக்கு ஒரு பெயரிட்டுக் காற்றை அழைத்த மொழிகள் இரண்டை நாம் ஓரளவு பயின்றிருக்கிறோம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்பது தமிழ் வழக்கு. அரபு மொழியில் ஷமால், ஜனூப், ஸபா, தபூர் என்பன அதே வரிசையில் அமைந்த பெயர்கள். மணல்வெளியில் ஒட்டகம் ஓட்டியவனுக்கும் கடலில் பாய் விரித்தவனுக்கும் காற்றின் திசை பிழைப்போடு கலந்திருந்தது. இன்று அந்த அறிவு எவருக்கு வேண்டும் என்று வினவினால், நாட்டுப்புறச் சாலையில் மிதிவண்டி மிதிப்பவனுக்கு வேண்டும் என்போம். மோட்டார் வண்டியில் செல்பவருக்குக் காற்று ஒரு சுகம். மிதிப்பவனுக்கு அது ஒரு கணக்கு.

நாம் வாழும் கரிக்கலாம்பாக்கம், வில்லியனூரையும் பாகூரையும் இணைக்கும் சாலையில் உள்ளது. சுற்றிலும் வயல்கள். மேடென்று சொல்லத்தக்க மேடு எதுவும் கிடையாது. மலை நாட்டில் மிதிவண்டிக்காரனுக்கு ஏற்றம் எதிரி. இங்கே அந்த இடத்தில் நிற்பது காற்று. நாம் ஓதிக் கொடுக்கும் மதரஸா வில்லியனூர்ப் பக்கம் இருப்பதால், காலையில் வடக்கு நோக்கியும் மாலையில் தெற்கு நோக்கியும் செல்கிறோம். கார்த்திகை, மார்கழியில் வாடை காலையில் முகத்தில் அறைகிறது. சித்திரை, வைகாசியில் தென்கிழக்கிலிருந்து புறப்படும் கடற்காற்று மாலையில் எதிர்கொள்கிறது. ஆடியில் மேல்காற்று விலாப்புறத்தில் மோதிச் சாலையோரம் தள்ளப் பார்க்கிறது.

ஐம்பத்தாறு வயதில் இது எதற்கு என்பது வீட்டாரின் வழக்கு. முழங்கால் வலி என்று ஒருநாள் சொல்லிவிட்டோம்; அன்று முதல் மகன், "அத்தா, போதும் இந்தச் சைக்கிள். ஒரு ஸ்கூட்டி வாங்கித் தர்றேன்" என்று வாரம் ஒருமுறையேனும் சொல்லத் தவறுவதில்லை. அவனுடைய அன்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் நம்மைத் தளர்த்துவது வயதா, காற்றா என்று தெரியாமல் வண்டியை ஒப்படைத்துவிட நமக்கு மனம் வரவில்லை. காற்று அடங்கிய ஒரு விடியற்காலையில், பஜ்ருத் தொழுகைக்குப் பின் புறப்பட்டு மணி பார்த்தோம்: முப்பத்தைந்து நிமிடம். அதே வாரத்தில் கடற்காற்று வீசிய மாலையில் அதே சாலையில் திரும்பியபோது ஐம்பது நிமிடம். காலையில் முழங்கால் வாய் திறக்கவில்லை. மாலையில்தான் முறையிட்டது.

இதன் காரணத்தை எண்ணிப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் விநாடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல் முன்னேறுகிறார். நிமிர்ந்து அமர்ந்தவரின் உடலும் வண்டியும் சேர்ந்து சுமார் அரைச் சதுர மீட்டர் அகலத்தில் காற்றை மறிக்கின்றன. அதாவது ஒவ்வொரு விநாடியும் இரண்டரைக் கிலோ காற்றை விலக்கிக்கொண்டு போகிறார். காற்றற்ற வேளையில் இது பெரிய சுமையன்று. டயர் சாலையில் உருள்வதற்கு ஆகும் உழைப்பும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அவர் உடலுக்கு அது 30 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருபடியாக வளர்வது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஆள் அதே, வண்டி அதே, சாலை அதே. காற்றுக்குக் கொடுக்க வேண்டிய கூலி மட்டும் நான்கு மடங்காகிறது.

போகும்போது எதிர்த்த காற்று திரும்பும்போது தள்ளுமே, கணக்குச் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்பர். சரியாகாது. பத்துக் கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 15 வீதம் போய்வர 80 நிமிடம் ஆகும். காற்றை எதிர்த்து 10 வீதம் சென்று, காற்றோடு 20 வீதம் திரும்பினால் 60 நிமிடமும் 30 நிமிடமுமாக 90 நிமிடம் ஆகிவிடும். விலாவில் வீசும் காற்றையும் நடுநிலையாளன் என்று நம்புவதற்கில்லை. நம் வேகத்துக்குச் சமமான வேகத்தில் அது குறுக்கே அடித்தாலும் முன்செல்வதற்கான தடை சுமார் 1.4 மடங்காகும்.

இந்தக் கணக்கு எதையும் ஏட்டில் படியாதவர் நம் தந்தையார். புதுச்சேரி நகரத்தின் பஞ்சாலைகளுக்கு வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்து மிதிவண்டியிலேயே ஆட்கள் சென்று வந்த காலம் ஒன்று இருந்தது. 1898இல் தொடங்கி, ரோடியர் மில் என்று மக்கள் வாயில் வழங்கிய ஆலையும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி கதையாகவே தோன்றும். ஆலைச் சங்கு ஊதுமுன் வாயிலை அடைய வேண்டும். காற்று எதிர்த்தது என்ற சமாதானம் எந்த ஆலையிலும் செல்லாது. அத்தாவிடம் இருந்தது பச்சை நிற ஹெர்குலிஸ், இருபது கிலோ இரும்பு. பல் மாற்றும் கியர் கிடையாது. காற்று வலுத்தால் அவர் கைப்பிடியின் மீது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை படியவைத்து, மார்பைத் தாழ்த்தி, தலையைச் சற்றே உயர்த்தி மிதிப்பார். உடன் வருபவர்கள் நால்வரும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக ஒதுங்கிக்கொள்வர். முன்னவர் களைத்ததும் விலகிப் பின்னே வருவார். அடுத்தவர் முன்னே செல்வார். எவரும் ஆணையிடுவதில்லை.

1989 ஜூலை 23 அன்று, பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தின் கடைசி நாளில், வெர்சேயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டரைத் தனித்தனியே ஓட வேண்டியிருந்தது. அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் கைப்பிடியில் முழங்கைத் தாங்கிகளைப் பொருத்தி, முன்கைகளை ஒன்று சேர்த்து நீட்டி ஓட்டினார். 50 விநாடி பின்தங்கியிருந்த அவர், அன்றைய ஓட்டத்தில் லொரான் ஃபிக்ஞோனை 58 விநாடியால் விஞ்சி, 8 விநாடி வித்தியாசத்தில் முழுப் பந்தயத்தையும் வென்றார். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, அத்தா சாலையில் வருவதாகவே நமக்குப் பட்டது.

இவ்வொற்றுமையைக் கண்டு எல்லோரும் பந்தயக்காரரைப் போல் குனிய வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் பழைய மாணவர் ஒருவர், வளைந்து தாழ்ந்த கைப்பிடியுள்ள மெல்லிய வண்டி ஒன்றை வாங்கி வந்து, "ஹஜ்ரத், நீங்களும் இதுமாதிரி ஒண்ணு வாங்குங்க. காத்தே தெரியாது" என்றார். "காற்று தெரியாது தம்பி, கழுத்து தெரியுமே" என்றோம். அவர் சிரித்துவிட்டு, தமக்கும் பிடரியும் உள்ளங்கையும் மரத்துப்போவதை ஒப்புக்கொண்டார். தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மனித உடலுடையது. வண்டியுடையது கால் பங்கே. ஆகவே விலையுயர்ந்த மெல்லிய சக்கரம் தருவதைவிட, சட்டையைச் சரிசெய்வதும் தோளைத் தாழ்த்துவதும் அதிகம் தரும். நமது ஜுப்பாவே ஒரு பாய்மரம் என்பதைச் சொல்ல வெட்கமில்லை. இப்போது அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உடம்போடு ஒட்டிய சட்டையில் மிதித்து, மதரஸாவுக்குச் சென்றபின் அணிகிறோம். கைப்பிடியில் தொங்கிய பையும் கேரியருக்கு மாறிவிட்டது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுமையைக் காற்று அவ்வளவாகக் காண்பதில்லை.

குனிவதிலும் ஒரு முறை உண்டு. முதுகைக் கூனாக்குவது குனிதல் ஆகாது. நுரையீரலும் வயிறும் நெருங்கி மூச்சு முட்டும். ருகூஉவில் முதுகு நேராக நிற்க, இடுப்பு மூட்டிலிருந்து சாய்கிறோம் அல்லவா? அதில் பாதி சாய்ந்தால் நமக்குப் போதும். முழங்கைகள் மடிந்து உள்ளே ஒடுங்கட்டும். விறைத்த கை, பள்ளத்தின் அதிர்ச்சியையெல்லாம் தோளுக்கு அனுப்பிவிடும். இருக்கையின் உயரத்தை நம் ஊரில் எவரும் கவனிப்பதில்லை. காலைத் தரையில் ஊன்ற வசதி என்று தாழ்த்தி வைத்துவிடுகிறார்கள். முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி வலிக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நின்றால் உயரம் சரி. அத்தாவைப் போல் முன்கையைக் கைப்பிடி மேல் படியவைப்பதை மட்டும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். அந்நிலையில் பிரேக்கு விரலுக்கு எட்டாது. அவர் காலத்துச் சாலையில் இத்தனை வாகனங்கள் இல்லை. லாரியின் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிச் செல்வதும் உயிரோடு விளையாடுவதாகும்.

காற்றில்லாத வேளையில், கடைத்தெருவில், நிமிர்ந்து அமர்வதே நன்று. நாலுபுறமும் கண் செல்லும். சலாம் சொல்வாருக்குப் பதில் சொல்லலாம். மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் குனிவதால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது; அங்கே டயரில் காற்றை நிறைப்பதே மேல். ஆகவே நிமிரவும் குனியவும் இடந்தரும் வண்டியே நம்மனோர்க்கு உகந்தது. நெடுந்தொலைவு செல்லும் பிரெஞ்சுக்காரர்கள் இதை முன்பே உணர்ந்து, கை வைக்கப் பல இடங்கள் உள்ள கைப்பிடியை விரும்பினர். பாரிசிலிருந்து பிரெஸ்டுக்குச் சென்று திரும்பும் ஓட்டம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று அது 1200 கிலோமீட்டர் பயணம், முதலிடம் கடைசியிடம் என்பதில்லை, குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். அதே முறையிலான பயணங்கள் சென்னையிலும் கோவையிலும் நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டருக்கு அவர்கள் தரும் நேரம் பதின்மூன்றரை மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்குப் பதினைந்துக்குச் சற்றுக் குறைவு. நம் ஆலைத் தொழிலாளர்களின் வேகமும் ஏறத்தாழ அதுவே.

சென்ற மாதம் பழுது பார்க்கும் கடையில் நம் வண்டியின் கைப்பிடியை இரண்டு விரற்கடை தாழ்த்தி, இருக்கையை மூன்று விரற்கடை உயர்த்தினோம். பின்சக்கரத்தில் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 20 பல் போட்டோம். எதிர்க்காற்றில் மெதுவாகவேனும் இலேசாக மிதிக்க அது உதவும். கடைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு, "இனிமே வேகம் குறையும் ஹஜ்ரத்" என்று எச்சரித்தார். கடற்காற்று வீசிய ஒரு மாலையில் மணி பார்த்தோம்: நாற்பத்து நான்கு நிமிடம். மகனிடம் சொன்னோம். ஆடி மாதத்தையும் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றான். அதுவரை தவணை கிடைத்திருக்கிறது.