ஒரு கணிப்பொறியும் இரு எஜமானரும்

ஓருறையில் இரண்டு கத்தி இராது என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு வீட்டுக்கு இரண்டு எஜமானர் ஆகார் என்பதும் உலகோர் துணிபு. ஆயினும் கணிப்பொறி விஷயத்தில் இவ்விரண்டும் பொய்த்துப் போதலை யான் பல்லாண்டுகளாக என் வீட்டிலேயே கண்டு வருகிறேன். அதனை நம் கல்லூரி மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைத்தல் பயன் தரும் என்று கருதியே இச்சிறு வியாசத்தை எழுதத் துணிந்தேன்.

தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கினர். திருப்பூரில் மேல்நிலை வகுப்பில் பயின்றுகொண்டிருந்த எனக்கும் மறு ஆண்டு ஒன்று கிடைத்தது. அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7இன் மிகச் சிறிய பதிப்பாகிய ஸ்டார்ட்டர். மற்றொன்று சிடாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். யந்திரத்தை இயக்கியவுடன், இருவரில் யாரை அழைப்பது என்று அது நம்மையே வினவும். என் தோழரிற் பலர் அவ்வினாவை ஒரு தொல்லை என எண்ணி, லினக்ஸை அகற்றிவிட்டனர். எனக்கோ இருவரும் வேண்டியிருந்தனர்.

அதன் காரணம் இது. என் அன்னையார் வீட்டை ஒட்டிய கொட்டகையில் பவர்டேபிள் ஒன்று வைத்து, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து வந்தார். வந்த கட்டுகள், தைத்த உருப்படிகள், சனிக்கிழமைதோறும் கொடுக்க வேண்டிய கூலி ஆகிய யாவும் விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு கணக்கு நிரலில் இருந்தன. நானோ நிரல் எழுதக் கற்க விரும்பினேன். அதற்கு வேண்டிய கருவிகள் யாவும் லினக்ஸிற் காசின்றிக் கிடைத்தன. ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை, திருப்பூர்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் கட்டணமின்றிப் பள்ளிக்கூடமாயிற்று. மற்றொரு கணிப்பொறி வாங்க எங்களிடம் பொருள் இல்லை.

இருவர் ஒரு பொறியில் வாழ்வது எங்ஙனம் எனில், நிலையான வட்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு தளத்திற்கும் ஒவ்வொரு பகுதி அளிக்கப்படுகிறது. கிரப் என்னும் சிறு நிரல் வாயிற்காவலனாக நின்று, நாம் சொல்லும் தளத்தை எழுப்புகிறது. ஒருவர் விழித்திருக்கையில் மற்றவர் உறங்குவர். நம் ஊர்க் கம்பெனிகளில் ஒரே தையல் யந்திரத்தில் பகல் ஷிப்டில் ஒருவரும் இரவு ஷிப்டில் ஒருவரும் அமர்வது போன்றது இது.

இருவரையும் ஒருங்கே இயக்கும் வழியும் உண்டு. பவர்டேபிளில் ஒரு மோட்டாரும் ஒரு தண்டும் பல தையல் யந்திரங்களை ஓட்டுகின்றன அல்லவா? அதுபோல ஒரு கணிப்பொறிக்குள் கற்பனைக் கணிப்பொறிகள் பலவற்றை ஓட்டலாம். ஐபிஎம் நிறுவனத்தார் 1960களிலேயே தம் பெரும்பொறிகளில் இதனைச் செய்து காட்டினர். ஆனால் மோட்டாரின் வலிமை பகிரப்படுவது போல நினைவகமும் பகிரப்படும். 2 ஜிபி நினைவகமே கொண்ட என் பொறிக்கு அது தாங்காத சுமை. ஆதலின் ஷிப்ட் முறையே எங்களுக்கு வாய்த்தது.

இக்கூட்டுக் குடித்தனத்திற் சச்சரவும் உண்டு. பொறியினுள் ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் வழக்கமாக உலகப் பொதுநேரமாகக் கொள்ளும். ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால், நம் நாட்டில் நேரம் ஐந்தரை மணி பின்னே காட்டும். சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு அன்னையார் பதிந்த கூலி, வெள்ளிக்கிழமைக் கணக்கில் ஏறும்! உள்ளூர் நேரத்தையே கொள்ளுமாறு லினக்ஸுக்கு ஒரு கட்டளை இட்டதும் அவ்வழக்குத் தீர்ந்தது.

பெரிய சோதனை ஒன்று பின்னர் வந்தது. விண்டோஸ் பழுதுற்றமையால், நான் கல்லூரியில் இருந்தபொழுது அன்னையார் பொறியைப் பழுதுபார்க்கும் கடையொன்றிற் கொடுத்தார். அவர்கள் விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்தனர். கணக்குகள் பத்திரமாயிருந்தன, ஆனால் என்னை வினவும் வாயிற்காவலனைக் காணவில்லை. லினக்ஸ் அழிந்தது என்றே கடைக்காரர் கூறினார். அதிலே என் ஓராண்டுப் பயிற்சி முழுவதும் இருந்தது. எனினும் கடைக்காரர் கூற்றை நம்புமுன், யூஎஸ்பி ஒன்றிலிருந்து லினக்ஸை எழுப்பி வட்டைச் சோதித்தேன். என் பகுதி அப்படியே இருந்தது! விண்டோஸை நிறுவும்போது வட்டின் முதற்கூறாகிய 512 பைட்டில் இருந்த காவலன் மட்டுமே நீக்கப்பட்டிருந்தான். கதவு மறைந்ததே அன்றி வீடு இடிந்துவிடவில்லை. கிரப்பை மீண்டும் நிறுவியதும் இருவரும் முன்போல் தோன்றினர். அன்று அடைந்த மகிழ்ச்சி பரீட்சையில் தேறிய மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதியோடு விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அதுமுதல் எங்கள் விண்டோஸ் இணையத்தைத் தொடுவதில்லை. கணக்கு மட்டுமே பார்க்கிறது. வெளியுலகத் தொடர்பெல்லாம் இலேசான லினக்ஸ் ஒன்றின் பொறுப்பு. விண்டோஸ் 10க்கும் அந்நிலை 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி நேர்ந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத பொறிகள் பல சிறு பட்டறைகளில் உள்ளன. அவற்றைப் பழைய இரும்புக்கு எடைபோடுமுன், அரைப்பகுதியை லினக்ஸுக்கு அளித்துப் பார்த்தல் நலம். வட்டைப் பிரிக்குமுன் கணக்குகளையும் பாடங்களையும் வேறோர் இடத்திற் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

இரு தளங்களுள் எது சிறந்தது என்று வாதிடுவோர் பலர். என் அன்னையார் அவ்வாதத்தில் ஒருபோதும் கலந்துகொண்டதில்லை. அவருக்கு வேண்டியது சனிக்கிழமை மாலையில் தையற்காரருக்குப் பிழையின்றிக் கூலி கொடுப்பது. எனக்கு வேண்டியது கல்வி. ஒரு பொறி இரண்டையும் தந்தது. பிழைப்பும் படிப்பும் ஒன்றையொன்று வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை. ஒவ்வொன்றிற்கும் அளவறிந்து இடம் வகுத்தால் சிறு வீட்டிலும் இரண்டும் வாழும். பனியன் கம்பெனியில் அரை ஷிப்ட் உழைத்துவிட்டு வகுப்புக்கு வரும் நம் தம்பி தங்கையர் இதனை என்னினும் நன்கு அறிவர்.