அறிவிப்பாளர் யார்?

ஒரு தலைமுறைக்கு முன் நம் வீடுகளில் "கம்ப்யூட்டர் படிப்பு" என்னும் சொல் எப்படி வழங்கிற்றோ, அப்படியே இன்று "டேட்டா சயன்ஸ்" என்னும் சொல் வழங்குகிறது. நிக்காஹ் விருந்தில் ஸஹனைச் சுற்றி அமர்ந்திருக்கையிலும் அதே பேச்சு. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்குகையிலும் அதே பேச்சு. தரவு அறிவியல் என்று தமிழில் பெயரிட்டிருக்கிறார்கள். இதில் முதுகலைப் பட்டம் பெற்றால் பிள்ளைக்கு வாழ்வு உண்டா என்று நம்மிடம் வந்து கேட்போர் பலர். நஹ்வும் ஸர்ஃபும் ஓதிக்கொடுப்பவரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது எனத் தோன்றலாம். ஆனால், அக்கேள்வியின் வாலில் பெரும்பாலும் மற்றொன்று தொங்கிக்கொண்டிருக்கும்: "வங்கிக் கடன் வாங்கலாமா, ஹஜ்ரத்?" பின்னதற்கு விடை சொல்ல முன்னதையும் ஓரளவு அறிந்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே பாடத்திட்டங்களை வருவித்துப் படித்தோம். அத்துறையில் பணியாற்றும் பழைய மாணவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டோம்.

பெயர் புதிது, பொருள் அவ்வளவு புதிதன்று. அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜான் டியூக்கி 1962இல் எழுதிய நீண்ட கட்டுரையொன்றில், தேற்றங்களோடு நின்றுவிடாமல் தரவுகளை நேர்நின்று ஆராய்வதே ஒரு துறையாக வளர வேண்டும் என வாதிட்டார். டென்மார்க்கின் பீட்டர் நவுர் 1974இல் தம் நூலில் இப்பெயரைக் கையாண்டார். நம் நாட்டில் இதன் வேர் 1931இல் மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருக்கிறது. இரண்டாண்டுப் படிப்பில் நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் அனுமானம் ஆகியவை அடித்தளம். அதன்மேல் பைத்தான் போன்ற நிரல்மொழி, தரவுத்தளம், இயந்திரக் கற்றல். இறுதியில் ஓர் ஆய்வோ நிறுவனப் பயிற்சியோ. கணக்கில் அடித்தளமில்லாத பிள்ளையை இதில் சேர்ப்பது, ஸர்ஃப் அறியாதவனைத் தஃப்ஸீர் வகுப்பில் உட்கார வைப்பது போலத்தான். எழுத்துகள் தெரியும், பொருள் பிடிபடாது.

இவ்விடத்தில் நம்மவர் சிலர், "அல்ஜீப்ராவும் அல்காரிதமும் நம் குவாரிஸ்மி தந்தவை அன்றோ!" என்று மார்தட்டக் கூடும். ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் வாழ்ந்த அப்பெரியாரின் நூற்பெயரிலிருந்து ஒரு சொல்லும், அவருடைய பெயரிலிருந்தே மற்றொரு சொல்லும் பிறந்தன என்பது உண்மை. ஆனால் பாட்டனார் கட்டிய வீட்டின் பத்திரத்தைக் காட்டிக்கொண்டே கூரையை ஒழுகவிடும் பேரப்பிள்ளைகளாக நாம் இருத்தலாகாது.

நம் உள்ளத்தை ஈர்த்தது வேறொன்று. வேலையில் இருக்கும் மாணவர் அனைவரும் ஒரே செய்தியைச் சொன்னார்கள்: "கணக்குப் போடுவது சிறு பகுதிதான், ஹஜ்ரத். வந்த தரவு சரிதானா, யார் எழுதியது, எங்கே விட்டுப்போனது என்று பார்ப்பதிலேயே பெரும்பொழுது கழிகிறது." இதைக் கேட்டதும் நமக்கு ரிஜால் கலைதான் நினைவுக்கு வந்தது. ஒரு ஹதீஸின் வாசகத்தை எடைபோடுமுன் அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா என்று துருவியவர்கள் நம் முஹத்திஸ்கள். இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தம் 'தக்ரீபுத் தஹ்தீப்' நூலில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு தரங்களாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஓரிரு வரியில் தீர்ப்பு எழுதினார்கள். கூஃபாவின் அதாஉ இப்னுஸ் ஸாயிப் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதுமையில் அவருடைய நினைவு குழம்பிற்று. அதற்காக அவரை முற்றிலும் ஒதுக்கிவிட்டார்களா? இல்லை. முற்காலத்தில் அவரிடம் கேட்ட ஷுஃபா, ஸுஃப்யானுஸ் ஸவ்ரீ போன்றோரின் அறிவிப்புகளை ஏற்றார்கள். பிற்காலத்தில் கேட்டவர்களுடையவற்றில் தயங்கினார்கள். ஒரே வாய்; இரண்டு காலம்; இரண்டு தீர்ப்பு. நேற்றுவரை சரியாக அளந்த கருவி இன்று பிசகத் தொடங்குவதை இன்றைய தரவு அறிவியலார் தேடிப்பிடிப்பதும் இவ்வகைத்தே. இடையிலுள்ளவரை மறைத்து மேலுள்ளவரிடம் நேரே கேட்டதுபோல் காட்டும் 'தத்லீஸ்' என்னும் குறையும் இன்றைய ஏடுகளில் இல்லாமலில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க அமேசான் நிறுவனம் ஒரு கணினி முறையை உருவாக்கியிருந்தது. அதற்குப் பாடமாகக் கொடுக்கப்பட்ட பத்தாண்டு விண்ணப்பங்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, "பெண்கள்" என்னும் சொல் வந்த விண்ணப்பங்களை அது கீழே தள்ளிற்று. 2018இல் செய்தி வெளிவந்தபோது அம்முறை கைவிடப்பட்டிருந்தது. 2019இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் கடுமையானது. அமெரிக்க மருத்துவமனைகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று கணிக்கும் ஒரு முறை, நோயின் அளவை மருத்துவச் செலவின் அளவாக எடுத்துக்கொண்டது. கறுப்பின மக்களுக்காகச் செலவிடப்பட்டதே குறைவு. எனவே கூடுதலாக நோயுற்றிருந்தும் அவர்கள் வரிசையில் பின்னுக்குப் போனார்கள். பொய் சொன்னவர் எவருமில்லை. செலவு வேறு, நோய் வேறு என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று.

கேட்டவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில், திரும்பிவந்த விமானங்களின் மீதிருந்த குண்டுத் துளைகளை எண்ணி, துளை மிகுந்த இடங்களுக்கே கவசமிட நினைப்பது இயல்பு. ஆபிரகாம் வால்ட் என்னும் புள்ளியியலாரோ திரும்பி வராத விமானங்களை நினைத்தார். வந்தவற்றில் துளையில்லாத இடமே, அடிபட்டால் விமானம் வீழும் இடம் என்று காட்டினார். இந்தியாவில் விரிவுரையாற்ற வந்திருந்த அவர், 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியோடு உயிர்நீத்தார் என்பது பலர் அறியாதது.

ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவதற்கில்லை. முஹத்திஸ்கள் ஆராய்ந்தது நபிமொழியைக் காக்க. அறிவிப்பாளரும் சபையில் எழுந்து சொன்னவர். இன்றைய ஏடுகளில் இருப்பவர்களோ தாம் எழுதப்படுவதையே அறியாத கோடிப்பேர். எவர் எங்கே போனார், என்ன வாங்கினார், என்ன நோய் என்பதெல்லாம் அமானிதமன்றோ? பிறர் குறையைத் துருவுவதைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை ஓதியவர் இத்துறைக்குப் போனால் கொஞ்சம் கைநடுங்கும். நடுங்கட்டும், அதுவே அவருக்கு அழகு. தனிமனிதத் தரவுகளைக் காக்க 2023இல் நம் நாட்டிலும் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.

இனி, அந்த இரண்டாவது கேள்வி. நம் பழைய மாணவர் ஒருவர் நெல்லைப் பக்கம் சிறு ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் கணிதத்தில் இளங்கலை முடித்தவள், கெட்டிக்காரி. வழவழப்பான தாளில் அச்சிட்ட விளக்கக் கையேடு ஒன்று அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் கண்ட கட்டணம் அக்கடையின் சில ஆண்டு இலாபத்துக்குச் சமம். தந்தை வங்கிக் கடனுக்கான தாள்களோடு நம்மிடம் வந்தார். "இது ளரூரத்தில் சேராதா, ஹஜ்ரத்?" என்றார். வட்டி எந்தப் பெயரில் வந்தாலும் வட்டியே என்றோம். மாற்று வாயில்கள் திறந்திருக்கையில் நிர்ப்பந்தம் என்னும் பேச்சுக்கு இடமில்லை என்றும் சொன்னோம். அவர் முகம் வாடிற்று. ஆகாது என்று சொல்லிவிட்டு எழுந்து போவது ஆலிமுக்கு எளிது; எழுந்து போகவேண்டியவர் அவருடைய மகள் அல்லவா?

கையேட்டைப் புரட்டினோம். கட்டடங்களின் படம் பன்னிரண்டு பக்கம். பாடத்திட்டம் ஒரு பக்கம். நிகழ்தகவு என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. அந்தப் பெண்ணே தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சொன்னாள்: "வாப்பா, பேரு மட்டும்தான் டேட்டா சயன்ஸ். இதுல கணக்கே இல்ல."

மற்ற வாயில்களை அவளே அறிந்து வைத்திருந்தாள். சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள கணிதவியல் கழகம் 2018 முதல் இம்முதுகலைப் படிப்பை நடத்துகிறது. பொறியியல் முதுநிலைக்குரிய 'கேட்' தேர்வில் 2024 முதல் தரவு அறிவியலுக்கெனத் தனித்தாள் உண்டு. முதுகலை அறிவியலுக்கான 'ஜாம்' தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் உண்டு. கல்கத்தாக் கழகமோ பல பத்தாண்டுகளாகக் கல்விக் கட்டணம் பெறாமல், உதவித்தொகையும் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்து வந்தது. பட்டத்தின் பெயர் புள்ளியியல் என்றிருந்தால் என்ன? அவள் ஓராண்டு வீட்டிலிருந்து படித்தாள். "குமரை வீட்டில் வைத்துக்கொண்டு இன்னும் என்ன படிப்பு?" என்று உறவினர் கேட்டதைத் தந்தை பொறுத்துக்கொண்டார், அதை நாம் சிறிய ஸப்ராகக் கருதவில்லை. தேர்வில் வென்று, வெளிமாநில அரசு நிறுவனமொன்றில் இடம் பெற்றாள்.

கட்டணம் குறைந்தாலும் விடுதியும் உணவும் உண்டல்லவா? ஜமாஅத்தில் பேசினோம். 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் எழக் காரணமானவர்கள் நம் வணிகப் பெருமக்கள்தாமே என்று நினைவூட்டினோம். மூன்று கடைக்காரர்கள் கர்ளு ஹஸனாவாகத் தர முன்வந்தனர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதால், சாட்சிகளோடு எழுதியே கொடுத்தோம். கடனாளியாகக் கையொப்பமிட்டவள் அந்தப் பெண்தான். தந்தையை இட விடவில்லை.

முதல் அரையாண்டில் அவளுக்குக் கொடுத்த பயிற்சிகளுள் ஒன்று வயதுக் கணக்கு. நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 0, 5 என முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பார்களாம். பிறந்த நாள் அறியாதவர்கள் "நாற்பது", "ஐம்பது" என்று சொல்லிவிடுவதால் வருவது. விடுமுறையில் வந்தவள் நம் முஹல்லாப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அங்கும் அதே குவியல். அவள் பாட்டியாருக்கு நேராக எழுபது என்றிருந்தது. "தனுஷ்கோடிப் புயலடித்த வருஷம் எனக்கு நிக்காஹ், அப்போ பதினாறு" என்று பாட்டியாரே முன்பு சொன்னதை வைத்து அவள் கணக்கிட்டாள். புயல் அடித்தது 1964இல். அப்படியானால் அம்மூதாட்டி எழுபத்தைந்தைத் தாண்டியவர். திருத்தலாம் என்று பதிவேட்டோடு போனால் பாட்டியார் ஒப்பவில்லை. "எழுதினது எழுதினபடியே இருக்கட்டும், புள்ள" என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார்.